கியர்ப்பெட்டி எண்ணெயின் ஆயுள் யாருடைய ஆயுள்?

கனடாவில் வாழும் எம்மவர் குடும்பங்களில், வீட்டுக்கு அடுத்தபடியாகப் பணத்தை விழுங்குவது வாகனம்தான். முன்னர் ஒரு சிறிய கார் போதுமானதாக இருந்தது. இப்போது அம்மம்மாவை ஏற்ற வேண்டும், பிள்ளைகளின் மிருதங்கத்தையும் ஹொக்கி மட்டையையும் ஏற்ற வேண்டும், கொண்டாட்டம் என்றால் கிடாரங்களையும் ஏற்ற வேண்டும். அத்தனையோடும் பனியில் சறுக்காமல் வீடு வந்து சேர வேண்டும். ஆகவே எஸ்.யு.வி. என்று எல்லோரும் அழைக்கும் உயர்ந்த, பாரமான வாகனங்களை நாடிச் செல்கின்றோம். அவற்றுள் பெரும்பாலானவை புதியவை அல்ல. வேறு ஒருவரோ இருவரோ ஓட்டிக் களைத்து, 120,000 அல்லது 150,000 கிலோமீற்றர் கடந்த பின்னர் எமது கைக்கு வருபவை. சீட்டுப் பணத்தைக் கொடுத்தோ, இரண்டு வேலை செய்து சேர்த்ததைக் கொடுத்தோ அவற்றை வாங்குகின்றோம்.

வாங்கும்போது ரயரைப் பார்க்கின்றோம், அடிப்பக்கத் துருவைப் பார்க்கின்றோம், எஞ்சினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கின்றோம். எஞ்சின் ஒயிலைக் காலம் தவறாது மாற்றவும் பழகிவிட்டோம். ஆயினும் வாகனத்தின் மிக விலை கூடிய உறுப்புகளில் ஒன்றாகிய ஒட்டோமற்றிக் கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. நாமும் கேட்கவில்லை. கேட்காததன் பலனை அனுபவித்த பின்னரே இதனை எழுதுகின்றோம்.

2019ஆம் ஆண்டு, ஏழு பேர் அமரக்கூடிய ஒரு வாகனத்தை வாங்கினோம். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கு முக்கியமல்ல. ஏனெனில் குறை வாகனத்தில் இருக்கவில்லை. அப்போது அது 146,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. கியர்ப்பெட்டியைப் பற்றி நாம் வாய் திறவாதபோதும் விற்றவர் தாமாகவே ஒரு வார்த்தை சொன்னார்: "அதுக்குள்ள இருக்கிறது ஆயுட்கால ஒயில். தொடவே தேவையில்லை." செலவு ஒன்று குறைந்தது என்று மகிழ்ந்தோம்.

2022 பெப்ரவரி மாதம், மொன்றியலில் ஒரு செத்தவீட்டுக்குச் சென்றுவிட்டு ரொறன்ரோ திரும்பிக்கொண்டிருந்தோம். இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 540 கிலோமீற்றர். ஏறக்குறைய நடுவழியில் இருப்பது கிங்ஸ்ரன். அதைக் கடந்து சிறிது தூரம் வந்ததும், வீதியோரத்து அதிர்வுக் கோடுகளின் மேல் ரயர் ஏறியது போல வண்டி நடுங்கத் தொடங்கியது. இத்தகைய நடுக்கம் அதற்கு முன்னரும் சில வாரங்களாக இடைக்கிடை வந்ததுதான். ரயருக்குள் பனிக்கட்டி ஒட்டியிருக்கும் என்று நாமே எமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். இம்முறை நடுக்கம் நிற்கவில்லை. பின்னர் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. குளிர் மறை 18 பாகை. பின்னிருக்கையில் 74 வயதுத் தாயாரும் இரண்டு பிள்ளைகளும். இழுவை லொறி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

ஸ்காபரோவில் எமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கின்றார். ஊரில் கராஜ் வைத்திருந்தவர், வயதில் மூத்தவர். அவர் கியர்ப்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு வெள்ளைக் கடதாசியில் ஊற்றிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், அடுப்புக்கரியைக் கரைத்தது போல இருந்தது. கருகிய மணம் மூக்கில் அடித்தது.

"தம்பி, இதை எப்ப மாத்தினது?"

"ஆயுட்கால ஒயில் எண்டு சொன்னவை அண்ணை."

"ஓம், சரியாத்தான் சொல்லியிருக்கினம். அதின்ர ஆயுள் முடிஞ்சுது. பெட்டியின்ர ஆயுளும் அதோட முடிஞ்சுது."

திருத்திய செலவு 4,700 டொலர். அடுத்த சீட்டை அதற்காகவே கழித்து எடுத்தோம். உரிய நேரத்தில் எண்ணெயை மாற்றியிருந்தால் முந்நூறு டொலருக்குள் அலுவல் முடிந்திருக்கும் என்று அவர் சொன்னபோது, வீட்டிலே யாருக்கும் சொல்லாமல் விடலாமா என்று கூட எண்ணினோம்.

எண்ணெய் அங்கே என்ன செய்கின்றது?

ஊரிலே நாம் கண்ட ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் மைனருக்கும் கையால் போடும் கியர். அந்தப் பெட்டிக்குள் இருந்த தடித்த எண்ணெய்க்கு ஒரே ஒரு முக்கிய வேலைதான்: பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது. கசியாதிருந்தால் ஆண்டுக்கணக்கில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே கார் ஓட்டிய மக்கள் நாம். ஓடும் மட்டும் ஓடட்டும் என்ற எண்ணம் எமக்குள் ஊறிப்போனதில் வியப்பில்லை. ஆனால் ஒட்டோமற்றிக் பெட்டியின் கதை முற்றிலும் வேறு.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்தால் அதுவே ரோர்க் கொன்வேட்டர் எனப்படும் உறுப்பின் அடிப்படை. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே அது இருக்கின்றது. ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மனியப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டு கப்பல்களுக்காகக் கண்டறிந்த தத்துவம் இது. எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் ஒட்டோமற்றிக் கியர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1939இல், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலே. அன்று தொடக்கம் எஞ்சினின் சக்தியைச் சில்லுக்குக் கொண்டு செல்வதில் எண்ணெயும் ஓர் உறுப்பாகிவிட்டது.

அது மட்டுமன்று. பெட்டிக்குள் மெல்லிய கிளச் தட்டுகள் அடுக்கடுக்காக எண்ணெயில் தோய்ந்தபடி இருக்கின்றன. முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது ஓர் அடுக்கை விடுவித்து, மற்ற அடுக்கை இறுக்குவது எண்ணெயின் அழுத்தமே. தலைமயிர் அகலமே உள்ள இடைவெளிகளால் அந்த எண்ணெய் ஓடுகின்றது. உள்ளே எழும் வெப்பத்தை முன்பக்கக் குளிராக்கிக்குக் கொண்டு செல்வதும் அதுதான்.

இங்கேதான் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. பற்சக்கரங்களுக்கு நடுவே இந்த எண்ணெய் வழுக்க வேண்டும். கிளச் தட்டுகளுக்கு நடுவே அளவோடு பிடிக்க வேண்டும். ஒரே திரவத்திடம் இரண்டு குணங்களையும் கேட்கின்றோம். அதற்காகவே அதில் பல இரசாயனக் கலவைகள் சேர்க்கப்படுகின்றன. ஒரு காலத்தில் இதற்காகச் சேர்த்தது ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் என்றால் நம்புவது கடினம். 1970களின் தொடக்கத்தில் அந்தத் திமிங்கிலத்துக்கு அமெரிக்காவில் சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததும், எண்ணெய் நிறுவனங்கள் செயற்கைக் கலவைகளைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. கலவை தேய்ந்து போனால் பிடிக்க வேண்டிய தட்டு ஒழுங்காகப் பிடிக்காது. பிடித்தும் விட்டும் துள்ளும். கிங்ஸ்ரனுக்கு அருகில் நாம் உணர்ந்த நடுக்கம் அதுவே.

எண்ணெயைக் கெடுப்பதில் முதலிடம் வெப்பத்துக்குத்தான். சாதாரணமாக ஓடும்போது இந்த எண்ணெய் ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியஸில் இருக்கும். பாரம் இழுக்கும்போதும் மலை ஏறும்போதும் அதற்கு மேலே செல்லும். வெப்பநிலை 10 பாகை கூடும்போதெல்லாம் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பருமட்டான விதி. சிறிய காரில் நெடுங்காலம் நிலைக்கும் எண்ணெய், ஏழு பேரை ஏற்றி இரண்டு தொன்னைத் தாண்டும் வாகனத்தில் ஏன் நிலைப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

யாருடைய ஆயுள்?

இனி அந்த 'ஆயுட்காலம்' என்ற சொல்லுக்கு வருவோம். அது முழுப் பொய்யன்று. புதிய வாகனத்தை வாங்கி, உத்தரவாதக் காலம் முடிய விற்றுவிடும் ஒருவருக்கு, தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெயே போதும். அவரது ஆயுட்காலத்தில் ஒரு குறையும் தோன்றாது. பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரப்படுத்தும் நிறுவனத்துக்கும் அது வசதி. ஆனால் இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரராகிய எமது ஆயுட்காலம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இதற்கு நல்ல சான்று ஜேர்மனியில் இருக்கின்றது. ஃபிறீட்றிக்ஸ்ஹாஃபன் நகரத்தில் தலைமையகம் கொண்ட இஸட்.எஃப். நிறுவனம், பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 5 உட்படப் பல வாகனங்களுக்கு ஒட்டோமற்றிக் பெட்டி செய்து கொடுப்பது. அப்பெட்டிகளைப் பொருத்தும் கார் நிறுவனங்கள் சில, எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று எழுதுகின்றன. பெட்டியைச் செய்த இஸட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றும்படி பரிந்துரைக்கின்றது. செய்தவன் ஒன்று சொல்ல, விற்பவன் வேறொன்று சொல்கின்றான். எம்மைக் கேட்டால் செய்தவன் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

ஏனைய நிறுவனங்களின் கையேடுகளையும் ஊன்றிப் படித்தால் உண்மை ஒரு மூலையில் எழுதப்பட்டே இருக்கும். ரொயோட்டாவின் டபிள்யூ.எஸ். வகை எண்ணெய் பாவிக்கும் வாகனங்களின் அமெரிக்கப் பராமரிப்பு ஏடுகள் பலவற்றில், சாதாரண அட்டவணையிலே இந்த எண்ணெய்க்குத் தவணை கிடையாது. ஆனால் இழுவைவண்டி பூட்டி ஓடுவோருக்கும், கூரையில் பாரம் ஏற்றுவோருக்கும், அதிக சுமையுடன் ஓடுவோருக்கும் என்று தனியாக ஒரு வரி உண்டு. அங்கே 60,000 மைலில், அதாவது சுமார் 96,000 கிலோமீற்றரில், மாற்றும்படி கூறப்பட்டிருக்கும். ஹொண்டாவின் வாகனங்களிலோ தவணையை வாகனமே கணக்கிட்டுச் சொல்கின்றது. முகப்புத் திரையில் பராமரிப்பு அறிவிப்போடு '3' என்ற இலக்கம் தோன்றினால், கியர்ப்பெட்டி எண்ணெயை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு அந்த அறிவிப்பை அழித்துவிடும் இடங்கள் இருக்கின்றன என்பதனையும் வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நல்லது.

கடும் பாவனை என்று கையேடுகள் கூறுவதை நாம் பாலைவனத்தில் ஓடுவோருக்கானது என்று எண்ணிக் கடந்துவிடுகின்றோம். உண்மையில் அது எமது அன்றாட வாழ்க்கையின் வர்ணனை. உறைகுளிரில் குறுந்தூரம் ஓடி நிறுத்துவது, நெரிசலில் நின்று நின்று ஊர்வது, வாடகைக்கும் விநியோகத்துக்கும் ஓடுவது, பாரம் ஏற்றுவது ஆகியவையே அதில் அடங்குகின்றன. அதிகாலை ஐந்து மணிக்கு மறை 20 பாகையில் வண்டியைக் கிளப்பி, பத்து நிமிட ஓட்டத்தில் தொழிற்சாலையை அடைபவர் யார்? மாலையில் 401இல் ஒரு மணி நேரம் ஆமையாக ஊர்பவர் யார்? இரவில் பீற்சா கொண்டு செல்பவர், உபர் ஓட்டுபவர், அதிகாலையில் பத்திரிகைக் கட்டு இறக்குபவர் யார்? இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனியில் சில்லு புதைந்ததும் முன்னுக்கும் பின்னுக்குமாகக் கியரை மாற்றி மாற்றி உறுமவிட்டு வண்டியை ஆட்டி எடுக்கின்றோமே, அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணெய் கொதிக்கும் அளவுக்குச் சூடேறுகின்றது. ஒரு மண்வெட்டியும் சிறிது மணலும் பின்பெட்டியில் இருந்தால் அந்தக் கொடுமை தேவையில்லை.

ஆகவே எமது முடிவு இது. கையேட்டில் திட்டமான தவணை இருந்தால் அதன்படி செய்ய வேண்டும். இல்லையேல், குடும்பப் பாவனைக்கு 80,000 முதல் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவையும், தொழிலுக்கு ஓடும் வாகனத்துக்கு 50,000 முதல் 60,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவையும் மாற்றுவது புத்தி. குறைவாக ஓடும் வாகனமாயினும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் அதே எண்ணெயை விட்டுவைத்தல் ஆகாது. இது கொஞ்சம் கூடுதலான முன்னெச்சரிக்கை என்று சிலர் சொல்லலாம். 4,700 டொலர் கட்டியவர் அப்படிச் சொல்லமாட்டார்.

பழைய பெட்டியைத் தொடலாமா?

எம்மவர் மத்தியில் உறுதியாக வேரூன்றிய ஓர் அச்சம் உண்டு. "இவ்வளவு காலமும் மாத்தாத ஒயிலை இப்ப மாத்தினால் பெட்டி போயிடும்" என்று கராஜ் வாசலில் நின்று சொல்பவர்களை நாம் அடிக்கடி காண்கின்றோம். இதிலே உண்மையும் உண்டு, பிழையான விளக்கமும் உண்டு. கியர் வழுக்கத் தொடங்கிய பின்னரே பலர் எண்ணெய் மாற்றச் செல்கின்றனர். தட்டுகள் அதற்கு முன்னரே தேய்ந்துவிட்டன. அவற்றின் தூள் எண்ணெயில் கலந்து சிறிது பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றது. புதிய எண்ணெய் வந்ததும் அந்தப் பிடிப்பும் போய்விடுகின்றது. நாலு நாளில் வண்டி நின்றதும் பழி புதிய எண்ணெய் மீது விழுகின்றது. இறக்கும் நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டு வைத்தியரைக் குறை சொல்வது போன்றதே இதுவும்.

ஆகையால் முதலில் கவனிக்க வேண்டியது, கியர் வழுக்குகின்றதா என்பதையே. எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி இழுக்கவில்லையாயின், எண்ணெய் அதற்கு மருந்தாகாது. பணத்தை வீணாக்காமல் பெட்டியைச் சோதிப்பிக்க வேண்டும். கியர் ஒழுங்காக மாறுகின்றது, எண்ணெய் மட்டும் பழையது என்றால், தயங்காமல் மாற்றலாம். ஆனால் மாற்றும் முறை முக்கியம்.

இயந்திரம் பூட்டி அழுத்தத்தால் பழைய எண்ணெயைத் தள்ளிவிடும் முறை ஒன்று உண்டு. ஒரே தடவையில் எல்லாம் புதிதாகிவிடும் என்பதால் அது கவர்ச்சியானது. ஒழுங்காகப் பராமரித்த பெட்டிக்கு அதனால் கேடில்லை. ஆண்டுக்கணக்கில் தொடாத பெட்டியிலோ, அடியில் உறங்கும் கசடு கிளம்பி அந்த மெல்லிய வழிகளை அடைத்துவிடலாம். அத்தகைய பெட்டிக்குக் கீழ்த்திருகாணியைக் கழற்றி, தானாக வடிவதை வடியவிட்டு, வடிந்த அளவே புதியதை ஊற்றுவதே பாதுகாப்பானது. இதில் முழு எண்ணெயும் வெளிவராது. உதாரணமாக, 8 லீற்றர் கொள்ளும் பெட்டியிலிருந்து 3.5 லீற்றர் மட்டுமே வடிவதாக வைத்துக்கொள்வோம். எஞ்சியது கொன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். முதல் தடவை மாற்றியதும் நூற்றுக்கு 56 பங்கு பழையது. சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு மீண்டும் செய்தால் அது 32 பங்காகக் குறையும். மூன்றாம் தடவை 18. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே. அடித்தட்டைக் கழற்றக்கூடிய பெட்டியாயின் வடியையும் மாற்றி, தட்டிலுள்ள காந்தத்தில் ஒட்டியிருப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் போன்ற மென்மையான பசை இயல்பானது. ஊசி போன்ற உலோகத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகின்றது.

எந்த எண்ணெய் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமேயில்லை. எல்லா வாகனத்துக்கும் ஏற்றது என்று எழுதிய மலிவுப் போத்தலைக் கண்டு ஏமாற வேண்டாம். டெக்ஸ்றன் 6 கேட்கும் பெட்டிக்கு அதையும், டபிள்யூ.எஸ். கேட்கும் பெட்டிக்கு அதையும், ஹொண்டாவின் டி.டபிள்யூ. 1 கேட்கும் பெட்டிக்கு அதையுமே ஊற்ற வேண்டும். சீ.வி.ரி. எனப்படும் பட்டிப் பெட்டி கொண்ட வாகனங்கள் இப்போது பெருகிவிட்டன. நிஸான் றோக், சுபாரு ஃபொறஸ்ரர், 2015 மாதிரி முதலான ஹொண்டா சீ.ஆர்.வி. ஆகியவை அவற்றுட் சில. அவற்றுக்குத் தனியான எண்ணெய். சாதாரண ஒட்டோமற்றிக் எண்ணெயை அவற்றில் ஊற்றினால் பட்டி வழுக்கிப் பெட்டி பாழாகிவிடும். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமாயின், பின் டிபறன்ஷியலுக்கும் இடைப்பெட்டிக்கும் வேறு எண்ணெய்கள் இருக்கின்றன. கியர் ஒயில் மாற்றினோம் என்று எழுதித் தரும் துண்டில் எது மாற்றப்பட்டது என்று கேட்டறியுங்கள்.

பாவித்த வாகனத்தை வாங்கப் போகின்றவர் ஒரு வெள்ளைத் துடைதாளைச் சட்டைப்பையில் கொண்டு செல்லலாம். எண்ணெய் அளக்கும் கம்பி உள்ள வாகனமாயின் அதை இழுத்து, தாளில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாயின் நன்று. மண்ணிறமாயின் வயதாகிவிட்டது. சில புதுவகை எண்ணெய்கள் விரைவிலேயே நிறம் மங்குவதால், நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூக்கையும் பாவியுங்கள். கருகிய மணமும் கறுப்புத் தூளும் சேர்ந்திருந்தால் அந்த வாகனத்தை விட்டு விலகுவது நல்லது. பால் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் றேடியேற்றர் நீர் உள்ளே புகுந்துவிட்டது. விலையைக் கேட்கவே தேவையில்லை, விடைபெறுங்கள். அளவு பார்க்கும் முறையும் வாகனத்துக்கு வாகனம் மாறும். பலவற்றில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கம்பியே இல்லாத புதிய வாகனங்களில் எண்ணெயின் வெப்பநிலையை 40 பாகை அளவில் வைத்துக்கொண்டு, கீழிருந்து திருகாணி வழியே சரிபார்க்க வேண்டியிருக்கின்றது. வீட்டு முற்றத்தில் சாய்வாக நிறுத்தி வைத்துச் செய்யும் வேலை அதுவன்று.

ஒன்ராறியோவில் விற்கும்போது கொடுக்கும் சேஃப்ரி சான்றிதழைக் காட்டி, "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்வார்கள். அது பிறேக், ஸ்ரியறிங், விளக்கு, ரயர் போன்ற பாதுகாப்பு உறுப்புகளைப் பற்றியது. கியர்ப்பெட்டி எண்ணெயின் நிலையை அது சொல்லாது. பழைய பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். அகதி விசாரணைக்காக ஊர்க் கடிதத்தின் உறையைக் கூடப் பத்திரப்படுத்திய நாம், வாகனத்தின் பற்றுச்சீட்டுகளைக் குப்பைக்குள் போடுகின்றோம். உத்தரவாதத்தின் கீழ் பெட்டி பழுதானால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

வழியில் நின்றுவிட்டால் கவனிக்க வேண்டியது ஒன்று. நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தை இரண்டு சில்லு நிலத்தில் உருள இழுத்துச் செல்ல விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் பாய்ச்சும் பம்பும் ஓடாது. உருளும் சில்லுகள் உள்ளுறுப்புகளைக் காய்ந்தபடி சுழற்றும். மேடை லொறியில் முழுதாக ஏற்றுமாறு கேளுங்கள்.

சென்ற மாதம் எமது மருமகன் ஒருவர் ஏஜாக்ஸில் ஒரு வாகனம் பார்க்கப் போவதாகச் சொன்னார். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வேலை கிடைத்து, அவர் வாங்கும் முதல் வாகனம். துடைதாளுடன் நாமும் சென்றோம். 172,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. எண்ணெய் மண்ணிறம், கருகிய மணம் இல்லை, கியர் மாற்றத்தில் வழுக்கல் இல்லை. எப்போது மாற்றியது என்று கேட்டோம். விற்றவர் சிரித்துக்கொண்டே, "அது ஆயுட்கால ஒயில்" என்றார். விலையில் நானூறு டொலர் குறைக்க அந்த ஒரு வார்த்தை உதவியது. அடுத்த சனிக்கிழமை அண்ணையிடம் கொண்டு சென்று வடித்து நிரப்பினோம். இரண்டாம் தடவைக்கு 177,000 என்று எழுதி, முன்கண்ணாடியின் மூலையில் அவரே ஒட்டிவிட்டார்.